மூக்கர் வாங்கிய கேஸ் செட்

பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் கேஸ் வெல்டராக இருந்தவருக்கு அங்கே வைத்த பெயர் மூக்கர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சொல்லப்போனால் சப்பை மூக்குதான். மோப்பம்தான் பெரிது. அசிட்டிலின் கேஸுக்கு அழுகிய பூண்டு மாதிரி ஒரு நாற்றம் உண்டு. கசிந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும். மூக்கர் காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் குனிந்து, கண்ணை மூடி, சிலிண்டரின் கழுத்தில் ஆரம்பித்து ஹோஸ் வழியாக, தீ வருகிற டார்ச்சின் முனை வரைக்கும் மோந்துகொண்டே போவார். பிறகு நிமிர்ந்து, "சுத்தம். பத்த வை" என்பார். அதற்குப் பிறகுதான் யாரும் தீயைக் கொளுத்தலாம். தன் மூக்கு மட்டும் இல்லையென்றால் அந்தப் பட்டறை என்றைக்கோ வானத்துக்குப் போயிருக்கும் என்று அவரே சொல்வார், வாரத்துக்கு இரண்டு தடவையாவது.

அந்த மூக்கு சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடும். வினையே அதுதான்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுத்து வந்தாள். மூக்கர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று இரண்டு இழுப்பு இழுப்பார். "மத்தியானம் யாரு வந்தது? நம்ம வீட்டு சோப்பு வாசனை இல்லையே இது" என்பார். தட்டில் போட்ட சோற்றை மோந்துவிட்டு, "அடி பிடிச்சிருக்கு" என்று தள்ளி வைப்பார். அளவு கொடுக்க வந்தவர்களின் துணி மூட்டையைக் காலால் நகர்த்தி, "வேர்வை நாத்தம் தாங்கல, வெளியில போடு" என்பார், அந்தப் பெண்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது. அடுத்த வாரம் அவர்கள் வேறு தெருவில் துணி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவளுடைய தலைமுடி, கழுத்து, தலையணை என்று ஒன்றையும் அந்த மூக்கு விசாரிக்காமல் விட்டதில்லை. கல்யாணமான புதிதில் இதை அவள் ஆசை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வரும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். அக்கா விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் ஏதோ கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி இவர்கள் வீட்டுக்குப் பக்கம்; நாலு நாள் தங்கிக் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு துணிப்பையோடு வந்தாள். பையை நிலைப்படியோரம் வைத்துவிட்டு, தங்கை கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். துணி கொடுக்க வந்த மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மூக்கர் வேலை விட்டு வந்தார். நிலைப்படியில் நின்று இழுத்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை இழுத்தார்.

"இது சாவு நாத்தம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து நேராக அக்காவைப் பார்த்தார். "இவங்கள இங்க படுக்க வைக்காதே. அப்புறம் அந்த மெத்தையத் தூக்கிப் போட வேண்டி வரும்."

அக்கா அவிழ்க்காத பையை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். தங்கை பின்னால் ஓடி அழுததற்கு, "விடு, உள்ளதைத்தானே சொன்னார்" என்றாள். நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட, "மூக்கர் அன்னைக்கே சொன்னாரே" என்று வாய் பிளந்தார்கள். அதிலிருந்து அவருக்கு வெளியில் மரியாதை கூடியது. தையல்காரியும் நம்பினாள். சாவையே மோந்து சொல்லுகிற மூக்கோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்கிறோம் என்று நினைத்து, அதன் பக்கத்தில் மூச்சு விடவே பயந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது மூக்கர் ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கை கால் தப்பித்தது, வாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. மோப்பம் மட்டும் போய்விட்டது. அதை அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அடியைக் காரணம் காட்டி, மிச்ச மூன்று மாதமும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

தையல்காரி அதைக் கண்டுபிடித்தது ஒரு காலை நேரத்தில். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தவள் மறந்துவிட்டாள். தீய்ந்த வாடை முன்னறை வரைக்கும் வந்தபிறகு ஓடினாள். பால் கருகி, பாத்திரத்தின் அடி சிவந்திருந்தது. இரண்டு முழம் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி மண்ணெண்ணெயில் ஒரு துணியை நனைத்து அவருடைய தலையணை உறைக்குள் செருகி வைத்தாள். குறட்டை விட்டுத் தூங்கினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல பொழுதுபோக்குக் கிடைத்தது. மூக்கர் பழக்கத்தை விடவில்லை; விட்டால் குட்டு உடைந்துவிடுமே. தட்டை மோந்து, தலையை ஆட்டி, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். "பூண்டு தூக்கலா இருக்கே" என்பார். அன்றைக்கு வீட்டில் ஒரு பல் பூண்டு இருக்காது. அவள் அடுப்படிக்குப் போய்க் கைத்துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பாள். முதலில் நேற்றைய சோற்றைப் போட்டுப் பார்த்தாள். பிறகு முந்தாநாள் பருப்பு. ஒரு தடவை நாலு நாள் மீனை எலுமிச்சையும் மிளகாயும் அள்ளிப் போட்டுச் சமைத்து வைத்தாள். அவர் குனிந்து ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"இதுதான் மீனு. கடல் வாசனை அப்படியே இருக்கு" என்று இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

மறுநாள் முழுக்க வாந்தி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டியில் புகட்டினாள். பாவம் என்று தோன்றவில்லையா என்றால், தோன்றவில்லை. அக்கா தூக்கிக்கொண்டு போன பைதான் ஞாபகத்துக்கு வந்தது.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. சும்மா உட்கார்ந்திருந்த மூக்கருக்குக் கை அரித்தது. பின்பக்கத் தகரக் கொட்டகையை ஒழித்தார், ஒரு இரும்பு மேஜையைக் கொண்டுவந்து போட்டார். நாற்காலிக் கால், சைக்கிள் ஃபிரேம், கதவுக் கீல் என்று சின்னச் சின்ன வேலையாக வீட்டிலேயே வெல்டிங் செய்யப்போவதாகச் சொன்னார்.

"பட்டறையில இருக்கிற மாதிரி பெருசா வேண்டாம். வீட்டுக்குத் தோதா, ஒரு ஆளு நகத்தி வைக்கிற மாதிரி ஒரு சின்ன கேஸ் செட்டு. எங்கிட்ட வேலை பாத்தானே பூண்டுன்னு ஒருத்தன், அவன் கடையில போய்ப் பாக்கலாம். நீயும் வா" என்றார். தான் சாமான் பார்த்துப் பேசுகிற அழகை அவள் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதன் உச்சியில் புகை போவதற்கு ஒரு முழத்துக்குத் திறப்பு. இந்தப் பக்கம் பகல் முழுக்க அடுப்பு எரியும். அந்தப் பக்கம் கேஸ் கசிந்தால் மோந்து சொல்ல இருந்த ஒரே மூக்கு செத்து ஒரு வருஷம் ஆகிறது. வாடை தன் மூக்குக்கு எட்டும்போது கேஸும் அடுப்புக்கு எட்டியிருக்கும். சிலிண்டர் மட்டும் வீட்டுக்குள் வந்தால் ஒருநாள் அடுப்போடு சேர்ந்து தானும் போவது நிச்சயம் என்று அவளுக்குத் தோன்றியது. எப்படியாவது அதை வரவிடாமல் தடுத்தாக வேண்டும்.

"உங்களுக்குத்தான் மோப்பமே இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். தனியாகச் சொன்னால் இல்லவே இல்லை என்பார். அந்தப் பேச்சு அந்த அடுப்படியிலேயே புதைந்து போகும். அக்காவைச் சொன்னபோது எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கும் ஆள் வேண்டாமா? உயிர்ப் பயத்தில் செய்தாள் என்று அவளுக்காக நாம் பரிந்து பேசலாம். பயம் கால் பங்குதான்.

முந்தின நாளே பூண்டின் கடைக்குப் போனாள். அவரும் ஒரு காலத்தில் அதே பட்டறையில் மூக்கருக்குக் கீழே வேலை பார்த்தவர்தான். ஒருநாள் பூண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றவரை, "கசியறது கேஸா நீயான்னு தெரியலடா, தள்ளி நில்லு" என்று மூக்கர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர் பூண்டு. வேலையை விட்டு, வெல்டிங் சாமான் கடை வைத்து, தலை நரைத்த பிறகும் பெயர் போகவில்லை. சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும்.

தையல்காரி விஷயத்தைச் சொன்னாள். பால், தலையணை எல்லாம் சொன்னாள். மீனை மட்டும் விட்டுவிட்டாள்.

"நாளைக்கு செட்டை மாட்டிக் காட்டும்போது ஒரு நட்டை மட்டும் முழுசா முறுக்காதீங்க. அவர் மோந்து பாக்கட்டும்" என்றாள்.

பூண்டு கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கடையில நாலு பேரு நிப்பாங்க அண்ணி. பாவம் இல்லையா?"

"பாவந்தான். எத்தனை மணிக்கு நாலு பேரு நிப்பாங்க?"

"பதினோரு மணிக்கு" என்றார் பூண்டு. ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் மாதிரிதான் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்கு மூக்கர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். அகலமான கடை, ஷட்டரை முழுசாகத் தூக்கியிருந்தார்கள், மேலே இரண்டு ஃபேன் ஓடியது, எதிரே லாரிகள் போகிற தெரு. லேத் பட்டறைக்காரர் ஒருவர் டிரில் பிட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரும்பு கேட் செய்கிற பெண்மணி வெல்டிங் ராடு வாங்க வந்திருந்தாள். பழைய பட்டறை ஆட்கள் இரண்டு பேர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அவருக்கு அது போதும், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

"வாங்கண்ணே. வீட்டு வேலைக்குத்தானே? இது ஒண்ணு இருக்கு பாருங்க" என்று பூண்டு கையடக்கமான ஒரு கேஸ் டப்பாவை எடுத்து வைத்தார். மேலேயே ஒரு குழாய், திருகினால் தீ வரும். "பித்தளை ராடு வெச்சு ஒட்டறதுக்குப் போதும்."

"இது சிகரெட்டு பத்த வைக்க ஆகும். இரும்ப உருக்கணும்டா எனக்கு."

"அப்போ கரண்டு மிஷினே வாங்கிக்கலாமே? இப்ப சின்னதா, தோள்ல மாட்டற மாதிரியே வருது."

"சைக்கிள் ஃபிரேம் தகடு எவ்வளவு கனம் இருக்கும்? கரண்டுல தொட்டா ஓட்டை. கேஸ்னா தீ என் பேச்சைக் கேக்கும். கிட்ட வான்னா வரும், தள்ளுன்னா தள்ளும்." ஸ்டூல்காரர்கள் தலையை ஆட்டினார்கள். மூக்கர் மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

தெரிந்த மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை. இடுப்பு உயரத்துக்கு இருந்த சின்ன அசிட்டிலின் சிலிண்டர் ஒன்று, அதற்கு ஜோடியாக ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், இரண்டையும் சங்கிலி போட்டு நிறுத்தி வைக்க ஒரு தள்ளுவண்டி என்று அவர் எடுத்து வைக்கச் சொன்னார். ரெகுலேட்டர் முள் பூஜ்யத்தில் சரியாக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றை வேண்டாம் என்றார். சிவப்பு ஹோசையும் நீல ஹோசையும் மடித்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினார். கனமான தகட்டுக்கு உள்ள நாசில்களை ஒதுக்கிவிட்டு, மெல்லிசான மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். தீ திரும்பி ஹோசுக்குள் ஓடாமல் தடுக்கிற வால்வை இரண்டு பக்கமும் போடச் சொன்னார். "அதுல மிச்சம் பிடிக்கிறவன் பொண்டாட்டியோட தாலிய..." என்று ஆரம்பித்து, கேட் செய்கிற பெண்மணி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தையல்காரி இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. ஒரு கணம் மனசு இளகியது. போதும் என்று பூண்டுக்குக் கண்ணைக் காட்டியிருக்கலாம். அவள் வேண்டுமென்றே பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டிக் காட்டு" என்றார் மூக்கர்.

பூண்டு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். அசிட்டிலின் போகிற சிவப்பு ஹோசின் நட்டை முறுக்கியவர், கடைசியில் கால் சுற்று திருப்பி விட்டார். யாருக்கும் தெரியவில்லை. சிலிண்டரின் சாவியைத் திறந்ததும் ரெகுலேட்டரின் முள் ஏறி நின்றது. லாரிச் சத்தத்தில் வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நாற்றம் மட்டும் மெல்ல எழுந்து கடையை நிறைத்தது. முதலில் லேத்துக்காரர் தலையைத் தூக்கினார். வாயைத் திறக்கப்போனவரைப் பார்த்து பூண்டு உதட்டில் விரலை வைத்தார்.

"லீக் ஏதும் இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்கண்ணே. உங்களுக்கு மேல யாரு?"

மூக்கர் குனிந்தார். கண்ணை மூடினார். சிலிண்டரின் கழுத்தில் ஆரம்பித்தார். ரெகுலேட்டருக்கு வந்தார். அந்த நட்டின்மேல் மூக்கை வைத்து, வழக்கம்போல நிதானமாக, இரண்டு இழுப்பு இழுத்தார். கேட் செய்கிற பெண்மணி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். ஸ்டூல்காரர்கள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மூக்கர் ஹோஸ் வழியாக அங்குலம் அங்குலமாக டார்ச் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். நிமிர்ந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சுத்தம். பத்த வை."

யாரும் அசையவில்லை. "என்னடா, பயமா?" என்று சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்த லைட்டரை அவரே எடுத்தார். பூண்டு பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் சிலிண்டரை மூடினார்.

"அண்ணே, நட்டு லூசு. கடை பூரா நாறுது."

மூக்கர் கண்ணைத் திறந்தார். லேத்துக்காரர், பெண்மணி, ஸ்டூல்காரர்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மனைவியிடம் வந்தார். அவள் மட்டும் பொத்தவில்லை. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"இவருக்கு மூக்கு போய் ஒரு வருஷம் ஆச்சு" என்று தையல்காரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பால் கருகினாலும் தெரியாது, மண்ணெண்ணெய்த் தலையணையில படுத்தாலும் தெரியாது. ஒரு வருஷமா மோந்து மோந்து நடிக்கறார். இந்த ஆளு கையில இதைக் குடுக்காதீங்க."

ஒருத்தர் சிரித்தார். எந்த ஸ்டூல்காரர் என்று அவள் பார்க்கவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவு ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

"அதுக்கு எதுக்கும்மா குடுக்கக் கூடாது?" என்றார் லேத்துக்காரர். "பொடி போட்டுப் போட்டு எனக்கும் மூக்கு எப்பவோ செத்துப் போச்சு. நானும்தான் கேஸ் வெச்சிருக்கேன்."

பூண்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஒன்று. சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து, லூசாக இருந்த நட்டின்மேல் இரண்டு அமுக்கு அமுக்கினார். நட்டைச் சுற்றி நுரை கொப்புளித்து வந்தது. ஸ்பேனரால் முறுக்கிவிட்டு மறுபடியும் அடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"சோப்புத் தண்ணி அண்ணி. உலகம் பூரா இதுலதான் பாக்கறாங்க. மூக்குல பாத்தது அண்ணன் ஒருத்தர்தான்."

தையல்காரி அந்த பாட்டிலையே பார்த்தாள். இப்படி ஒன்று உண்டு என்று இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில்லை. அவளும் வேறு யாரையும் கேட்டதில்லை. மூக்கரின் மூக்கை இந்த உலகத்தில் முழுசாக நம்பிய ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

பூண்டுக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. "இன்னைக்குத்தான் சொல்றேனே. காலையில அண்ணன் மோந்து 'சுத்தம்'னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போனதும், நாங்க ஒருத்தன் மாத்தி ஒருத்தன் பின்னாலேயே சோப்புத் தண்ணி அடிச்சுக்கிட்டு வருவோம். வாரத்துக்கு ரெண்டு மூணு லீக் சிக்கும். முறுக்கிட்டு வாயப் பொத்திக்குவோம். பெரியவரு மனசு நோகக் கூடாதே."

ஸ்டூல்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

மூக்கர் கையை நீட்டி அந்த பாட்டிலை வாங்கினார். ஒவ்வொரு நட்டிலும் தானே அடித்து, குனிந்து, இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தார்.

"இந்த பாட்டிலையும் சேத்துக் கட்டு. வண்டியில ஏத்து" என்றார்.

"குடுக்காதீங்கன்னு சொன்னேனே" என்றாள் தையல்காரி.

"நட்டை லூசா விடச் சொல்லித்தானே அண்ணி நேத்து வந்து கேட்டீங்க? விட்டுட்டேன்" என்று பூண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்த முகத்தோடு சொன்னார். "விக்கக் கூடாதுன்னு பேசிக்கலையே."

மூக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு செட் கொட்டகையில் வந்து இறங்கிவிட்டது. தையல்காரி சோறு ஆக்கினாள். முட்டையை அவர் கண் முன்னாலேயே உடைத்து வெங்காயம் போட்டுப் பொரித்தாள். தட்டில் போட்டு வைத்தாள். அவர் மோந்து பார்க்கவில்லை. தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல்ல நீ சாப்பிடு."

"உங்க கண்ணு முன்னாலதானே ஆக்கினேன்."

"எனக்குத் தெரியாது. மோந்து சொல்ல என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடு, நான் பாக்கறேன்." அந்த நட்டைப் பார்த்த மாதிரியேதான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அந்த மீனு எத்தனை நாளு?"

பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "நாலு."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், படவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது போல உட்கார்ந்திருந்தார். அவளுக்கோ கடையிலிருந்து வருகிற வழியெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அக்கா வந்து உக்காந்திருந்தாளே. அவ மேல நெஜமாவே அந்த நாத்தம் அடிச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி?"

"நிலைப்படியில பை இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு வெளியில நீட்டிக்கிட்டு இருந்தது. என்ன நோவுன்னு அதுல எழுதியிருந்தது. படிச்சேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினாள். அவர் கையை நீட்டினார். அவள் தட்டைக் கொடுக்கவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு இன்னொரு வாய். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பருக்கையாக வழித்து, முட்டையில் ஒரு துணுக்குகூட விடாமல், எழுந்து போய்ப் பாத்திரத்தில் இருந்த மிச்சத்தையும் போட்டுக்கொண்டு வந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து முழுசையும் சாப்பிட்டு முடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷன் அவள் கை வாய்க்கும் தட்டுக்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கெட்டுப் போகல. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மூக்கர் எழுந்து கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டிலை அமுக்குகிற சத்தம் கேட்டது. அமுக்கிவிட்டுப் பார்க்கிறார், பிறகு மறுபடியும் அமுக்குகிறார். அவள் சுவரின் உச்சியிலிருந்த திறப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுப்பை அணைக்காமல், சாயங்காலத்துக்கு அதன்மேல் உலையை வைத்தாள்.